சூலத்தம்மா

காலையில கண்ணு முழிச்சதும் சிலர் சாமி படத்தைப் பாப்பாங்க, சிலர் உள்ளங்கையைப் பாப்பாங்க. அந்தம்மா சூரியனோட நெலவரத்தைப் பாக்கும். வானத்துல இல்ல, செல்போன்ல. பாத்துட்டு வந்து, ஆபீஸ்ல தொங்குற தினசரி நாள்காட்டித் தாள்ல பென்சிலால ஒரு அம்பு போடும். அம்பு மேல பாத்திருந்தா வடக்கு, வேலைக்குக் கிளம்பிடும். கீழ பாத்திருந்தா தெக்கு. அன்னிக்குக் கலெக்டரே கார் அனுப்பினாலும் அந்தம்மா சேரை விட்டு நகராது.

செஞ்சியில ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில நான் பத்திரம் எழுதுற கடை வெச்சிருக்கேன். என் கடைக்கும் பாயோட ஜெராக்ஸ் கடைக்கும் நடுவுல இருந்த சின்ன ரூம்ல அந்தம்மா ஏழெட்டு வருஷம் இருந்துச்சு. தனியார் சர்வேயர். ஒரு மேசை, ரெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு மஞ்சப் பொட்டி. பொட்டிக்குள்ள சாட்டிலைட் சிக்னல் வாங்கி நிலம் அளக்கிற கருவி. நீளக் குச்சி, அது உச்சியில காளான் மாதிரி வெள்ளையா ஒரு தலை. அந்தக் காளானுக்கு இருந்த மரியாதை அந்த ரூமுக்கு வந்த எந்த மனுசனுக்கும் கிடையாது.

ஊர் நாள்காட்டியில ஏற்கெனவே சூலம்னு ஒரு கட்டம் இருக்குது. இன்னிக்கு எந்தத் திசைக்குப் போகக் கூடாதுன்னு சொல்ற கட்டம். போயே ஆகணும்னா எதைச் சாப்பிட்டுக் கிளம்பணும்னு பரிகாரமும் பக்கத்துலயே போட்டிருக்கும். அதுக்கு நேர் கீழ கொண்டுபோய் அம்பு போட்டா ஜனம் என்ன நினைக்கும்? "அந்தம்மா படிச்சவங்கதான், ஆனா சூலம் பாக்காம அளக்கப் போவாது"ன்னு பேச்சு பரவிடுச்சு. சூலத்தம்மான்னு பேரும் வெச்சாச்சு. வெச்சது யாருன்னு கேக்காதீங்க. நான்தான்.

தொண்டூர்லேருந்து ஒரு விவசாயி மூணு தடவை வந்து மூணு தடவையும் "இன்னிக்குத் தெக்கு, நாளைக்கு வாங்க"ன்னு பதில் வாங்கிக்கிட்டுப் போனாரு. மூணாவது தடவை வியாழக்கிழமை. நாள்காட்டியிலயும் அன்னிக்குச் சூலம் தெக்கு, பரிகாரம் தைலம். மனுசன் என்ன பண்ணாரு, எதிர்ல மளிகைக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வாங்கிட்டு வந்து, அந்தம்மா டீ குடிக்கப் போயிருந்த நேரம் பாத்து, காளான் தலையில உச்சி குளிரக் குளிரத் தேச்சுட்டாரு. குங்குமம் வேற. நான் என் கடையிலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தடுக்கல. அதை ஏன் தடுக்கணும்? அவ்வளவு நல்ல காட்சி செஞ்சியில தினம் கிடைக்குமா?

அந்தம்மா திரும்பி வந்து பாத்துச்சு. கத்தல. பழைய பருத்தித் துணி எடுத்து அரை மணி நேரம் துடைச்சுச்சு. "ஐயா, தேய்க்கிறதா இருந்தா சூரியனுக்குப் போய்த் தேய்ங்க. தப்பு அங்க இருக்குது"ன்னு மட்டும் சொல்லுச்சு. அவரும் ரொம்ப மரியாதையா, "அது தூரமாச்சேம்மா"ன்னாரு.

ராகு காலத்துல நான் பேனாவைத் தொட மாட்டேன். எமகண்டத்துல யாருக்கும் கையெழுத்துப் போட இடம் காட்ட மாட்டேன். அது வேற விஷயம், அது சாஸ்திரம். அந்தம்மா பண்றது கிறுக்கு. அப்படித்தான் நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்லுவேன்.

ஒருநாள் வம்புக்குன்னே கேட்டேன். "ஏம்மா, தெக்குன்னா இன்னாதான் ஆவுது? தென்மாவட்டத்துக்காரங்க மேல ஏதாச்சும் கோவமா?"

அந்தம்மா கிண்டலைக் கிண்டலா எடுத்துக்காது. அதுதான் அதோட பெரிய வியாதி. உடனே மேசையில தாளைப் போட்டு ஆரம்பிச்சுடும். "ரைட்டரண்ணா, சூரியன்லேருந்து ஓயாம ஒரு காத்து வருது. நம்ம காத்து இல்ல, மின்சாரம் ஏறின பொடி. அது வரும்போது காந்தத்தையும் இழுத்துக்கினு வருது. நம்ம பூமியும் காந்தம். சூரியனைப் பாத்த பக்கத்துல பூமியோட காந்தம் வடக்கு பாத்து நிக்குது. வர்றதும் வடக்கு பாத்து வந்தா ஒட்டாது, பக்கவாட்டுல வழுக்கிக்கினு போயிடும். தெக்கு பாத்து வந்தா ரெண்டும் எதிரெதிர். பிணைஞ்சுக்கும். கதவு தொறந்துக்கும்."

"தொறந்தா?"

"அந்தக் காத்தோட சக்தி உள்ள வந்துரும். நம்ம தலைக்கு மேல ரொம்ப உசரத்துல மின்சாரம் ஏறின ஒரு படலம் இருக்குது, அது கலங்கிடும். சாட்டிலைட் சிக்னல் அதுக்குள்ள பூந்துதான் கீழ வரணும். கலங்கின தண்ணியில காசு கெடக்குற எடம் தப்பாத் தெரியுமே, அப்படி எடம் தப்பாக் காட்டும். கருவி மட்டும் சரியா இருக்குதுன்னு பச்சை லைட்டு போடும்."

"வேகமா வந்தா கதவை ஒடச்சிக்கினு வராதா?"

அந்தம்மா ஜன்னல் வழியா ராஜகிரிக் கோட்டையைக் காட்டுச்சு. "எத்தினி பெரிய படை, எவ்ளோ வேகமா வந்தாலும் கதவு சாத்தியிருந்தா மதிலைச் சுத்திக்கினு வெளியதான் நிக்கணும். கதவு தொறந்திருந்தா நோஞ்சான் படைகூட உள்ள வந்துரும். வேகம் அப்புறம்ண்ணா. முதல்ல எந்தப் பக்கம் பாத்து வருதுன்னு பாக்கணும்."

இந்தக் கடைசி வரி அந்தம்மாவுக்கு ஊறுகாய் மாதிரி. எல்லாத்துக்கும் தொட்டுக்கும். புருசன் பொண்டாட்டி சண்டைன்னு யாராவது வந்து புலம்பினாலும், கட்சிக்காரர் மைக்குல கத்தினாலும், "வேகம் கெடக்குது, எந்தப் பக்கம் பாத்து நிக்கறாரு?"ன்னு கேக்கும். கேட்டு கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

ஒரு தடவை ஊரே அரண்டு போச்சு. சூரியப் புயல் வருது, செல்போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படுக்காதீங்க, கதிர் பாயும்னு வாட்ஸப்ல வந்துச்சு. பாய் தன் போனை அலுமினியப் பாத்திரத்துல போட்டு மூடி, அந்தப் பாத்திரத்தை அரிசி டிரம்முக்குள்ள இறக்கிட்டாரு. நானும் மோடத்தைப் பிடுங்கிப் போட்டேன். அன்னிக்குப் பாத்து அந்தம்மா மஞ்சப் பொட்டியைத் தூக்கி ஸ்கூட்டியில கட்டிக்கிட்டுக் கிளம்புது. "புயலாம்மா!"ன்னு பாய் கத்தினாரு. "வேகம் பயங்கரந்தான் பாய். ஆனா காலையிலேருந்து கெட்டியா வடக்குல நிக்குது. திரும்புச்சுன்னா நானும் திரும்பிடறேன்"னு சொல்லிட்டுப் போயே போயிடுச்சு. சாயங்காலம் வேலையை முடிச்சுட்டுச் சிரிச்ச மூஞ்சியோட வந்துச்சு. பாயோட போன் அரிசிக்குள்ள முப்பது மிஸ்டு காலோட கிடந்துச்சு.

அப்புறம் ஒருநாள், ஒரு செய்தியும் இல்ல, வானம் தொடைச்ச மாதிரி இருக்குது, அந்தம்மா கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருச்சு. தெக்காம். கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் ஆடுறது தினம் நடக்கிறதாம். மணிக்கணக்கா அழுத்தமா தெக்குலயே நின்னாத்தான் வம்பாம். வந்த பார்ட்டி ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே போனாங்க.

இந்தக் கிறுக்கு எங்க ஆரம்பிச்சுதுன்னு பாய்தான் எனக்குச் சொன்னாரு. செஞ்சிக்கு வந்த புதுசுல அந்தம்மா பனமலைப் பக்கம் ஒரு நிலத்தை அளந்து கொடுத்து, கல்லும் நட்டாச்சாம். பல மாசம் கழிச்சு, அளந்த அன்னிக்கு இந்தத் தெக்கு விவகாரம் இருந்ததைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு, யாரும் கூப்பிடாமலே போய் மறுபடி அளந்து பாத்திருக்குது. ரெண்டு அடி தப்பு. ரெண்டு வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, "நான் போட்ட கோடு தப்பு"ன்னு சொல்லி, கடப்பாறை வாங்கித் தானே கல்லைப் பேத்து நட்டுச்சாம். அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு ஈ காக்கா வேலைக்குக் கூப்பிடல.

"வாயை மூடிக்கினு இருந்தா எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்?"னு நான் பாய்கிட்ட கேட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனமாக் கேட்டதா நினைப்பு வேற.

இப்ப என் கதைக்கு வரேன். இதுவரைக்கும் சிரிச்சது போதும்.

நைனா போனப்புறம் சிங்கவரத்து நிலத்தை நானும் என் தங்கச்சியும் சரிபாதியாப் பிரிச்சுக்கிறதுன்னு முடிவாச்சு. நடுவுல ஒரு போர்வெல். ஒரே மோட்டாரை ரெண்டு பேர் பங்கு போட்டா நாளைக்குப் பிள்ளைங்க அடிச்சுக்கும்னு, கோடு விழுந்து போர்வெல் எந்தப் பக்கம் வருதோ அவங்களுக்கே அதுன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். தங்கச்சி அந்த ஊர்லயே கட்டிக் கொடுத்தவ. அவளுக்கு அந்தத் தண்ணிதான் நெல்லு, அதுதான் மல்லாட்டை, நீங்க சொல்ற வேர்க்கடலை. எனக்குக் கடை இருக்குது, போர்வெல் இருந்தா கௌரவம், அவ்வளவுதான். "நீயே ஆளு வெச்சு அளந்துருண்ணா, நீ பாத்தா சரி"ன்னா.

அளக்க வேண்டிய நாள் புதன்கிழமை. மறுநாள் ரிஜிஸ்டருக்கு டோக்கன் போட்டாச்சு. காலையில அந்தம்மா ரூமுக்குப் போனா, நாள்காட்டியில அம்பு கீழ பாத்து நிக்குது.

"இன்னிக்கு வேணாம்ண்ணா. ரொம்ப அழுத்தமா தெக்கு. ரெண்டு நாள் பொறுங்க."

"பழைய மாதிரி சங்கிலி போட்டு அளந்துடு."

"எங்கேருந்துண்ணா அளக்கறது? உங்க பக்கத்துப் பழைய கல்லெல்லாம் ரோடு வேலையில போயிடுச்சு. தூரத்துக் கல்லுலேருந்து சாட்டிலைட்டு வெச்சுத்தான் கோட்டைக் கொண்டாரணும்."

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. சொந்தமா நினைச்சு வந்தா எங்கிட்டயே சூலம் பேசுதேன்னு. வெளியூர்லேருந்து ஒரு ஆளை போன்ல பிடிச்சேன். இதுல இன்னொரு அழகையும் சொல்லணும். புதன்கிழமை நாள்காட்டிச் சூலம் வடக்கு. சிங்கவரம் செஞ்சிக்கு வடக்கால. அதனால நான் பரிகாரமா ஒரு டம்ளர் பாலைக் குடிச்சுட்டு, மீசையைத் துடைச்சுக்கிட்டு, அந்தம்மா சொன்ன தெக்கை நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே பைக்கை எடுத்தேன்.

வந்த ஆள் அரை மணியில முடிச்சான். பச்சை லைட்டு எரிஞ்சுது. கல்லு நட்டோம். போர்வெல் என் பக்கம், கோட்டுலேருந்து ஒண்ணரை அடி. தங்கச்சி அந்தக் குழாயை ஒரு நிமிசம் பாத்தா. "சரிண்ணா, பேசினதுதானே"ன்னா. மறுநாள் பத்திரம் பதிவாச்சு, நாலு பக்க எல்லையும் என் கையாலதான் எழுதினேன்.

பத்து நாள் கழிச்சு அந்தம்மா என் கடைக்குள்ள வந்துச்சு. கையில ஒரு தாள். "சிங்கவரத்துல உங்களுக்கு அடுத்த நிலத்தை அளக்கப் போனேண்ணா. உங்க கல்லையும் வெச்சுப் பாத்தேன். சந்தேகமா இருந்துச்சு, மறுநாளும் போய்ப் பாத்தேன். கோடு ரெண்டரை அடி தள்ளி விழுந்திருக்குது. போர்வெல் உங்க தங்கச்சி பக்கம்."

கடையில வேற யாரும் இல்ல. அதுல எனக்கு வந்த முதல் நினைப்பே, நல்லவேளை யாரும் இல்லன்னுதான். "சரி, பிழைத்திருத்தல் பத்திரம் ஒண்ணு போட்டுடறேன், அடுத்த வாரம்"னேன். எழுத்துல தப்பு வந்தா அதைத் திருத்தி மறுபடி பதியற பத்திரம் அது. ஊருக்கெல்லாம் கட்டுக்கட்டா எழுதிக் கொடுத்தவன் நான். அந்தம்மா தாளை மேசையில வெச்சுட்டு, "எழுத வேண்டியது நீங்கண்ணா"ன்னு போயிடுச்சு.

அடுத்த வாரம் வந்துச்சு, போச்சு. அடுத்த வருசமும் வந்து போச்சு.

ஒவ்வொரு நாளும் காலையில ஆறு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் தங்கச்சி போன் பண்ணுவா. "அண்ணா, மோட்டார் போடட்டுமா?" நானும் பெரிய மனசு பண்ணி, "போடுமா, போடு. கேக்கணுமா?"ம்பேன். அவ தண்ணியை எடுக்க அவ எங்கிட்ட உத்தரவு கேக்கறா, நான் கொடுக்கறேன். ஒருநாள்கூடத் தவறினதில்ல. ஊர்ல எனக்கு எவ்வளவு நல்ல பேருங்கறீங்க! டீக்கடையில, "தன் போர்வெல் தண்ணியைத் தங்கச்சிக்கு விடறான்யா, அண்ணன்னா இவன்தான்"னு சொல்லுவாங்க. நானும் கூச்சமே இல்லாம தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு அவங்க டீயைக் குடிச்சிருக்கேன்.

அந்தம்மா அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். காலையில "வணக்கம்ண்ணா", சாயங்காலம் "வரேண்ணா". நடுவுல நாள்காட்டியில ஒரு அம்பு. எனக்கு எரிச்சல் தாங்காது. அந்தம்மாவைப் பத்தி இருக்கிற கிண்டல் போதாதுன்னு புதுசு புதுசாக் கட்டி விட்டேன். அம்பு பாத்துத்தான் தலைக்குக் குளிக்கும்னேன். தெக்குன்னா தோசையைத் திருப்பிப் போடாதுன்னேன். ஜனம் சிரிச்சுது. பாய் மட்டும், "ஏன் ரைட்டரே, அந்தம்மா உங்களை இன்னா பண்ணுச்சு?"ன்னு கேட்டாரு. இன்னா பண்ணுச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?

ரெண்டு வருசம் முன்னாடி அந்தம்மா ரூமைக் காலி பண்ணிட்டு மக இருக்கிற ஊருக்குப் போயிடுச்சு. போறப்ப என் போனை வாங்கி அந்தக் காத்து பாக்கிற ஆப்பை ஏத்திக் கொடுத்துச்சு. "தெனம் எங்கிட்ட கேட்டுக் கேட்டுச் சிரிப்பீங்களே, இனிமே நீங்களே பாத்துக்குங்க"ன்னுச்சு. போர்வெல்லைப் பத்தி ஏதோ கேக்கப் போகுதுன்னு பதில் ஒண்ணு தயார் பண்ணி வெச்சுக்கிட்டேன். கேக்கல. ஸ்கூட்டி கூட்ரோடு பக்கம் திரும்பி மறைஞ்சப்புறம், உண்மையைச் சொல்றேன், எனக்கு நிம்மதியா இருந்துச்சு. வெட்கங்கெட்ட நிம்மதி.

இந்தக் கோடையில என் பையன் சென்னையிலேருந்து ஒரு பார்ட்டியைப் பிடிச்சுட்டான். என் பங்கை அப்படியே வாங்கிப் பண்ணை வீடு கட்டப் போறாராம். ஒரே ஒரு கண்டிசன். போர்வெல் அவருக்கு முழுசாச் சொந்தம், வெளியாளுக்குத் தண்ணி கிடையாது, அதைப் பத்திரத்துல எழுதிடணும். வெளியாளுன்னா என் தங்கச்சி.

நான் உக்காந்து டைப் அடிச்சேன். முப்பது வருசத் தொழில், விரல் தானா ஓடும். "மேற்படி நிலத்தில் உள்ள ஆழ்துளைக் கிணறும், அதில் விற்பவருக்குள்ள முழு உரிமையும்" வரைக்கும் வந்துச்சு. அங்க நின்னுடுச்சு. முதல் பத்து நாள் அந்தத் தப்பு காத்தோடது. அதுக்கப்புறம் நாலு வருசமா அது என்னோடது. இப்ப இதை அடிச்சு முடிச்சா அது திருட்டு. ஊருக்குப் பத்திரம் எழுதறவனுக்கு இது ஒரு நொடியில புரிஞ்சிருக்கணும், எனக்கு நாலு வருசம் ஆச்சு. அந்தப் பக்கத்தை மூடிட்டு, பிழைத்திருத்தல் பத்திரத்தைத் திறந்தேன். பையன் போன்ல குதிச்சான். குதிக்கட்டும்னு விட்டேன்.

அன்னிக்கே திருத்தல் பத்திரத்தை அடிச்சு எடுத்துக்கிட்டு சிங்கவரம் போனேன். தங்கச்சி களத்துல மல்லாட்டை காய வெச்சுக்கிட்டு இருந்தா. நின்னபடியே சொன்னேன். "பாப்பா, போர்வெல் உன்னுது. அன்னிக்கு அளந்தது தப்பு. எனக்கு அப்பவே தெரியும்."

அவ காயைத் துழாவுறதை நிறுத்தல. "எனக்கும் தெரியும்ண்ணா."

"யாரு சொன்னா?"

"சர்வேயர் அக்காதான். உங்கிட்ட சொன்ன அன்னிக்கே எங்கிட்டயும் வந்து சொல்லிடுச்சு. ரெண்டு பக்கத்துக்காரங்களுக்கும் சொல்றது என் வேலைன்னுச்சு. நான் அப்பவே மண்ணை வாரித் தூத்தத்தான் கெளம்புனேன். அக்காதான் நிறுத்துச்சு. 'உங்க அண்ணன் இப்ப கதவை நல்லா சாத்திக்கினு இருக்காரு. நீ எவ்ளோ வேகமா போய் மோதினாலும் வழுக்கிக்கினு வெளியதான் போவும். அவரு திரும்பற அன்னிக்கி சின்னதா ஒண்ணு போதும்'னுச்சு. அதான் தெனம் ஒரு போன் போட்டுப் பாத்தேன்."

நான் செருப்பைக் கழட்டிட்டுக் களத்துல அவ எதிர்ல உக்காந்தேன்.

"போடுமா, போடுன்னு நீ சொல்றப்பல்லாம் போனைத் தூக்கித் தரையில அடிக்கலாம்னு இருக்கும்ண்ணா. அவ்ளோ வயித்தெரிச்சல்." அவ இப்பத்தான் நிமிந்து என்னைப் பாத்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா வாய் ஓரத்துல எங்க நைனாவோட அதே நக்கல். "இன்னிக்கித் தெக்காண்ணா?"

நான் போனை எடுத்து அந்தம்மா ஏத்திக் கொடுத்த ஆப்பைத் திறந்தேன். அம்பு நெட்டுக்குத்தா மேல பாத்து நின்னுச்சு.

"வடக்குன்னுதான் காட்டுது, பாப்பா."

"அது கெடக்குது," அவ கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு எழுந்தா. "கையெழுத்து எங்க போடணும், அதைக் காட்டு."